பகிர்ந்த வரலாற்றைத் திருத்தினால்: கிட்டில் ஒன்று இரண்டாகும் கதை

2013 நவம்பர் 10ஆம் தேதி, ஜென்கின்ஸ் என்ற மென்பொருள் திட்டத்தின் 150-க்கும் மேற்பட்ட கிட் களஞ்சியங்கள் (கிட் என்பது நிரலில் செய்யும் மாற்றங்களின் வரலாற்றைப் பதிந்துவைக்கும் கருவி) ஒரே மூச்சில் பின்னோக்கிப் போயின. களஞ்சியங்களை இணையத்தில் வைக்கும் தளமான கிட்ஹப்பில் அவற்றின் கிளைகள் (தனித்தனியாக ஓடும் வேலைத் தொடர்கள்) திடீரென்று பழைய நிலையைக் காட்டின. நடுவில் பலர் சேர்த்திருந்த வேலையைக் காணோம். வெளியாள் யாரும் புகுந்துவிடவில்லை. கெரிட் என்ற மென்பொருளின் பிரதியெடுக்கும் வசதியை அமைத்துப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பங்களிப்பாளரின் கணினியில் கிடந்த பழைய நகல்கள், அவருக்கே தெரியாமல் ஃபோர்ஸ் புஷ்ஷாக, அதாவது அங்கே இருப்பதைத் தள்ளிவிட்டு வலுக்கட்டாயமாக, மேலே ஏறிவிட்டன. அப்புறம் கிட்ஹப் ஆதரவுக் குழுவின் உதவியோடு, ஒவ்வொரு கிளையும் கடைசியாக எந்தக் கமிட்டில் (பதிவுசெய்த மாற்றத்தில்) நின்றது என்று தேடி எடுத்து, திரும்ப அங்கேயே கொண்டுபோய் நிறுத்தினார்கள்.

மேலெழுதியதை எப்படி மீட்க முடிந்தது? உண்மையில் எதுவும் மேலெழுதப்படவில்லை. கிட்டில் ஒரு கமிட்டைத் திருத்த வழியே கிடையாது. ரீபேஸ் (கமிட்டுகளை மாற்றி அடுக்குவது), அமெண்ட் (கடைசிக் கமிட்டை மாற்றுவது), ஸ்குவாஷ் (பலவற்றை ஒன்றாக்குவது) என்று எந்தப் பெயரில் செய்தாலும் நடப்பது ஒன்றுதான்: பழையது அப்படியே கிடக்க, பக்கத்தில் புதிதாக இன்னொன்று முளைக்கிறது. கிளையின் பெயர் பழையதை விட்டுப் புதியதைச் சுட்டத் தொடங்குகிறது, அவ்வளவுதான். உங்கள் கணினியில் மட்டும் இருக்கும் வரை இதனால் யாருக்கும் தொல்லை இல்லை. நாலு பேர் கையில் பழையது ஏற்கெனவே இருக்கும்போது செய்தால், ஒரே வேலைக்கு இரண்டு வரலாறுகள் ஊரில் உலவத் தொடங்கும். ஃபோர்ஸ் புஷ்ஷுக்குப் பின் வருகிற தலைவலிகளில் பெரும்பாலானவை இந்த இரட்டிப்பிலிருந்துதான் வருகின்றன.

ஏன் இப்படி? கமிட் என்பதற்குள் இருப்பவை சில வரிகள்தான்: அந்த நேரத்துக் கோப்புகள் எல்லாவற்றையும் குறிக்கும் ஒரு அடையாளம், முந்தைய கமிட்டின் அடையாளம், எழுதியவர், பதிவுசெய்தவர், நேரம், செய்தி. இவை எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டு வரும் 40 எழுத்து ஹாஷ்தான் அந்தக் கமிட்டின் பெயர். நம் ஊர் கிரயப் பத்திரத்தில் தாய்ப்பத்திரத்தின் எண்ணைக் குறிப்பிடுவது போல, ஒவ்வொரு கமிட்டும் தன் தாயின் ஹாஷைத் தனக்குள் வைத்திருக்கிறது. ஒரு வித்தியாசம்: பத்திரத்தில் அந்த எண்ணைப் பதிவு அலுவலகம் கொடுக்கிறது, இங்கே உள்ளடக்கமே எண்ணாகிறது. நடுவில் ஒரு கமிட்டின் செய்தியில் ஓர் எழுத்துப்பிழையைச் சரிசெய்தால் அதன் ஹாஷ் மாறும். அதைத் தாயாகக் கொண்ட அடுத்ததன் ஹாஷ் மாறும். அப்படியே கடைசி வரை. ஐந்நூறு கமிட்டுகளுக்கு முன்னால் ஒரு காற்புள்ளி போட்டால், ஐந்நூறு புதிய கமிட்டுகள்.

2005 ஏப்ரலில், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலை எழுதும் குழு பயன்படுத்திவந்த பிட்கீப்பர் என்ற கருவியின் இலவச அனுமதி கைவிட்டுப் போனபோது, லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் கிட்டை எழுதத் தொடங்கினார். வரலாற்றில் யாரும் சத்தமில்லாமல் கைவைக்க முடியக் கூடாது, வைத்தால் தெரிய வேண்டும் என்பது அவர் வடிவமைப்பின் அடிப்படை. அதே கிட் வரலாற்றை வெட்டி ஒட்டும் கருவிகளுக்கும் பேர்போனது. இரண்டும் முரண்போலத் தெரிந்தாலும் முரண் இல்லை. உங்கள் நகலில் நீங்கள் என்ன வேண்டுமானாலும் செய்யலாம். அடுத்தவர் நகலில் இருப்பதை மட்டும் உங்களால் தொட முடியாது.

சரி, அடுத்தவர் நகலில் என்ன நடக்கிறது? இங்கேதான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். "ஃபோர்ஸ் புஷ் செய்யாதே" என்று சொல்லிக்கொடுக்கும் பலரும் இந்த இடத்தை விளக்காமல் தாண்டிவிடுகிறார்கள்.

ஒரு கிளையில் க, ங, ச என்று மூன்று கமிட்டுகளை நீங்கள் போட்டு மேலே ஏற்றியிருக்கிறீர்கள். சக ஊழியர் ஒருவர் அதை எடுத்து, ச-வின் மேல் தன் கமிட் ட-வைச் சேர்க்கிறார். இதற்கிடையில் ங தப்பான மாற்றம் என்று உங்களுக்குத் தெரிகிறது. ரீபேஸ் காட்டும் கமிட்டுப் பட்டியலில் ங-வின் வரியை நீக்குகிறீர்கள். இப்போது உங்கள் கிளையில் இருப்பவை க, அதன் மேல் ச2. ச2-வில் இருக்கும் மாற்றம் ச-வில் இருந்ததேதான், ஆனால் தாய் வேறு, எனவே ஹாஷ் வேறு. ஃபோர்ஸ் புஷ் செய்கிறீர்கள். சர்வரில் ங இல்லை. நிம்மதி.

சக ஊழியர் புல் செய்கிறார், அதாவது சர்வரில் இருப்பதை எடுத்துத் தன் நகலோடு சேர்க்கிறார். அவரிடம் க, ங, ச, ட. சர்வரில் க, ச2. இரண்டுக்கும் பொதுவான கடைசிப் புள்ளி க. இரண்டையும் இணைக்கும் மெர்ஜ் என்ன செய்யும்? க-வோடு ஒப்பிட்டு இரு பக்கமும் என்ன மாறியிருக்கிறது என்று பார்க்கும். அவர் பக்கத்தில் ங-வின் மாற்றம் இருக்கிறது. உங்கள் பக்கம் அந்த வரிகளைத் தொடவே இல்லை, ஏனென்றால் க-விலிருந்து பார்த்தால் நீங்கள் எதையும் நீக்கவில்லை, சேர்க்காமல் விட்டீர்கள், அவ்வளவே. ஒரு பக்கம் மட்டும் மாற்றியிருந்தால் மெர்ஜ் அதை ஏற்றுக்கொள்ளும். ஆக, நீங்கள் தூக்கி எறிந்த ங, எந்த மோதலும் (ஒரே வரிகளை இரு பக்கமும் மாற்றியிருந்தால் கிட் நின்று கேட்பது) எச்சரிக்கையும் இல்லாமல் திரும்ப உள்ளே வந்துவிடுகிறது. கூடவே ச-வும் ச2-வும் ஒரே மாற்றத்துக்கு இரண்டு பதிவுகளாக வரலாற்றில் உட்காருகின்றன. அவர் புஷ் செய்தவுடன் அது எல்லோருடைய வரலாறும் ஆகிவிடுகிறது.

மோதல் வந்திருந்தாலாவது யாராவது கவனித்திருப்பார்கள். வராமல் போவதுதான் ஆபத்து.

இதே வேலையை ரிவர்ட் மூலம் செய்திருந்தால்? ங-வை நீக்கும் ஒரு புதிய கமிட் ச-வின் மேல் ஏறும். சக ஊழியர் புல் செய்யும்போது பொதுப் புள்ளி ச. அங்கிருந்து பார்த்தால் உங்கள் பக்கம் அந்த வரிகளை நீக்கியிருக்கிறது, அவர் பக்கம் தொடவில்லை. நீக்கம் நிலைக்கும். பகிர்ந்த கிளையில் ரிவர்ட்தான் சரியான வழி என்று சொல்வதற்குக் காரணம் ஒழுக்கமோ மரபோ கிடையாது. நீக்கினேன் என்ற செய்தி மற்றவர்களின் நகலுக்குப் போய்ச்சேர வேண்டுமென்றால், அது ஒரு கமிட்டாக இருந்தால்தான் போய்ச்சேரும்.

2021-இல் வந்த கிட்டின் 2.33 பதிப்பு முதல், இரு பக்கமும் பிரிந்திருக்கும்போது வெறுமனே புல் செய்தால் கிட் நின்றுவிடுகிறது. மெர்ஜா ரீபேஸா என்று கேட்கிறது. நல்ல மாற்றம்தான். ஆனால் அவசரத்தில் இருப்பவர் அந்தச் செய்தியில் முதலில் கண்ணில் படும் கட்டளையை நகலெடுத்து ஓட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். ரீபேஸைத் தேர்ந்தெடுத்தால் நிலைமை கொஞ்சம் தேவலை: ஒரே மாற்றத்தைக் கொண்ட கமிட்டுகளை கிட் அடையாளம் கண்டு தாண்டிவிடும், இரட்டைப் பதிவு வராது. மேலே ஃபோர்ஸ் புஷ் நடந்ததை அவருடைய ரெஃப்லாகை (கிளைகள் முன்பு நின்ற இடங்களின் குறிப்பை) வைத்து ஊகிக்கவும் ரீபேஸுக்குத் தெரியும். ஆனால் நீங்கள் ச-வைக் கொஞ்சம் கைவைத்து மாற்றியிருந்தால் இரண்டும் ஒரே மாற்றம் என்று அடையாளம் காண முடியாது. அந்த ஊகமும் தவறினால், தான் எழுதாத கோடுக்கு (நிரலுக்கு) சக ஊழியர் மோதல் தீர்த்துக்கொண்டிருப்பார்.

அடுத்தது, கண்ணுக்கு முன்னாலேயே வேலை தொலையும் வகை. சாதாரண புஷ்ஷை சர்வர் மறுப்பது, உங்களிடம் இல்லாத ஏதோ அங்கே இருக்கிறது என்பதற்காக. ஃபோர்ஸ் என்றால், அது எதுவாக இருந்தாலும் எனக்குக் கவலை இல்லை என்று சொல்வது. நீங்கள் கடைசியாகப் பார்த்ததற்கும் புஷ் செய்வதற்கும் நடுவில் ஒருவர் எதையாவது ஏற்றியிருந்தால், அது கிளையிலிருந்து கழன்றுவிடும். இதற்காகத்தான் 2013-இல் 1.8.5 பதிப்பில் ஃபோர்ஸ்-வித்-லீஸ் வந்தது: நான் கடைசியாகப் பார்த்த நிலையிலேயே கிளை இருந்தால் மட்டும் மாற்று என்பது அதன் பொருள். இதிலும் ஓர் ஓட்டை. பல எடிட்டர்கள் பின்னணியில் தாங்களாகவே ஃபெட்ச் செய்துகொண்டிருக்கும், அதாவது சர்வரில் புதிதாக வந்ததை இறக்கிக்கொண்டிருக்கும். சக ஊழியரின் கமிட் உங்கள் கணினிக்கு வந்துவிடும், நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள், ஆனால் பார்த்துவிட்டதாக கிட் நம்பும். லீஸ் அப்படியே அனுமதிக்கும். 2020 டிசம்பரில் 2.30 பதிப்பில் ஃபோர்ஸ்-இஃப்-இன்க்ளூட்ஸ் என்ற இன்னொரு காவல் வந்தது இந்த ஓட்டைக்காகத்தான். ஒரு பூட்டுக்கு மேல் இன்னொரு பூட்டு என்று போய்க்கொண்டே இருக்கிறது கதை.

பழைய நாட்களில் இது இன்னும் மோசம். 2014-இல் 2.0 பதிப்பு வரும் வரை, கிளையின் பெயரைச் சொல்லாமல் புஷ் செய்தால், இங்கும் அங்கும் ஒரே பெயரில் இருக்கும் எல்லாக் கிளைகளும் ஏறும். அதோடு ஃபோர்ஸும் சேர்ந்தால் கேட்கவா வேண்டும்; என்றைக்கோ எடுத்துவைத்து மறந்துபோன பழைய கிளைகள் எல்லாம் மேலே போய் உட்கார்ந்துவிடும்.

தொலைந்ததை மீட்கலாமா என்றால், பெரும்பாலும் முடியும். கிளைகள் எங்கெங்கே நின்றன என்ற குறிப்பை ரெஃப்லாக் வைத்திருக்கும்: இப்போதைய கிளையிலிருந்து எட்டக்கூடியவற்றுக்கு 90 நாள், எட்ட முடியாதவற்றுக்கு 30 நாள், நீங்கள் மாற்றாத வரை. ஆனால் இந்தக் குறிப்பு இருப்பது அவரவர் கணினியில். நீங்களே ஒரு சர்வரில் வெற்றுக் களஞ்சியம் (வேலைக் கோப்புகள் இல்லாமல் வரலாறு மட்டும் இருப்பது) அமைத்து நடத்துகிறீர்கள் என்றால், அங்கே ரெஃப்லாக் இயல்பாக அணைந்தே இருக்கும். விபத்து நடந்த பிறகுதான் பலருக்கு இது தெரியவருகிறது. யாராவது ஒருவர் இன்னும் புல் செய்யாமல் இருந்தால் அவர்தான் அன்றைய கடவுள்.

ஃபோர்ஸ் புஷ் என்ற சொல்லையே கேள்விப்படாதவர்களும் தினமும் வரலாற்றைத் திருத்திக்கொண்டிருக்கிறார்கள். கிட்ஹப்பில் புல் ரிக்வெஸ்ட்டை (என் மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்ற கோரிக்கையை) இணைக்கும்போது வரும் ஸ்குவாஷ் பொத்தான் அந்த வேலையைத்தான் செய்கிறது. உங்கள் கிளையின் ஏழெட்டுக் கமிட்டுகள் மெயின் கிளைக்குப் போவதில்லை. அவற்றின் சாரமாகப் புதிதாக ஒன்று அங்கே பிறக்கிறது. அந்தக் கிளையின் மேல் யாரும் எதுவும் கட்டாத வரை பிரச்சினை இல்லை. முதல் ரிக்வெஸ்ட் ரிவ்யூவில் காத்திருக்கும்போது அதன் மேலேயே இரண்டாவது கிளையைத் தொடங்குவது பல அணிகளில் வழக்கம். முதலாவது ஸ்குவாஷ் ஆனதும், இரண்டாவது கிளை பழைய ஏழெட்டையும் சுமந்துகொண்டு நிற்கும். கிட்டைப் பொறுத்தவரை அவை மெயினில் இல்லவே இல்லை. ஒரே வரிகளை இருவர் வெவ்வேறாக எழுதியது போலக் கணக்கிட்டு மோதல்களாகக் கொட்டும். இதற்கு மருந்து ரீபேஸ் --ஆன்டோ: பழைய அடித்தளம் வரை விட்டுவிட்டு என்னுடையதை மட்டும் எடுத்துப் புதியதன் மேல் வை என்று சொல்வது. இந்த ஒரு கட்டளையைத் தெரிந்துவைத்திருந்தால் மிச்சமாகும் மாலை நேரங்கள் பல.

உடனே தெரியாத சேதங்களும் உண்டு. கமிட்டின் ஹாஷ் கிட்டுக்கு வெளியேயும் பல இடங்களில் எழுதப்பட்டிருக்கும்: பிழைப் பட்டியலில், வெளியீட்டுக் குறிப்பில், சப்மாட்யூலாகச் சேர்த்திருக்கும் இன்னொரு திட்டத்தில். லினக்ஸ் கெர்னலில் ஒரு பிழைதிருத்தம் எந்தக் கமிட்டால் வந்த பிழையைச் சரிசெய்கிறது என்பதை அதன் ஹாஷின் முதல் 12 எழுத்துகளோடு குறிப்பது வழக்கம். நீண்டகாலப் பதிப்புகளைப் பராமரிப்பவர்கள், எந்தத் திருத்தம் எந்தப் பதிப்புக்குப் போக வேண்டும் என்று முடிவெடுக்க அதைப் பார்க்கிறார்கள். ரீபேஸில் ஹாஷ் மாறினால் அந்தக் குறிப்பு இல்லாத ஊருக்கு வழி சொல்லும். டிஜிட்டல் கையெழுத்தும் அப்படியே. அது தாயின் ஹாஷையும் சேர்த்துப் போட்ட கையெழுத்து. தாய் மாறினால் செல்லாது. உங்கள் கமிட்டில் நீங்கள் திரும்பக் கையெழுத்துப் போடலாம், அடுத்தவருடையதில் போட முடியாது.

சோதனை பற்றியும் சொல்ல வேண்டும். பத்துக் கமிட்டுகளை ரீபேஸ் செய்தால் பத்தும் புதிய அடித்தளத்தின் மேல் நிற்கும் புதிய கோடு. அவற்றில் ஒன்பதை யாரும் ஒருமுறைகூட பில்டு செய்து பார்த்திருக்க மாட்டார்கள். கடைசியில் இருப்பது மட்டுமே சோதனைக்குப் போகும். ஆறு மாதம் கழித்து பைசெக்ட் போட்டு, அதாவது வரலாற்றைப் பாதிபாதியாகப் பிரித்துச் சோதித்து, பிழை தேடுபவர் அந்த ஒன்பதில் ஒன்றில் மாட்டிக்கொள்வார்.

கடவுச்சொல்லோ ஏபிஐ சாவியோ தெரியாமல் கமிட்டில் போய்விட்டால் வரலாற்றைத் திருத்தித்தானே ஆக வேண்டும் என்பார்கள். திருத்தலாம். ஆனால் முதல் வேலை சாவியை மாற்றுவது. பழைய கமிட் அழிவதில்லை என்பது இங்கே நமக்கு எதிராகத் திரும்புகிறது. கிட்ஹப்பில் ஃபில்டர்-ரிப்போ என்ற வரலாறு திருத்தும் கருவியை வைத்துச் சுத்தம் செய்து ஃபோர்ஸ் புஷ் செய்த பிறகும், ஹாஷ் தெரிந்தவருக்குப் பழைய கமிட் திறக்கலாம். மற்றவர்கள் எடுத்துவைத்த ஃபோர்க்குகளில் (தனி நகல்களில்) இருக்கும். புல் ரிக்வெஸ்ட்டுகளுக்கென்று கிட்ஹப் வைத்திருக்கும் குறிப்புகளில் இருக்கும். அவற்றை நீங்கள் அழிக்க முடியாது, ஆதரவுக் குழுவிடம் கேட்க வேண்டும். கூடவே, பழைய நகல் வைத்திருக்கும் ஒரே ஒருவர் மெர்ஜ் செய்து புஷ் செய்தால் போதும், மேலே பார்த்த ங-வைப் போல சாவி திரும்ப மேலே ஏறிவிடும். எல்லோரும் பழைய நகலை அழித்துவிட்டுப் புதிதாக க்ளோன் செய்யும் வரை வேலை முடிந்ததாகக் கணக்கில்லை.

கிளைகளைவிட டேக்குகளில் (ஒரு கமிட்டுக்கு வைக்கும் பெயர், பெரும்பாலும் பதிப்பு எண்) இது பயங்கரம். கிளை நகரும் என்று எல்லோருக்கும் தெரியும். டேக் நகராது என்று எல்லோரும் நம்புகிறார்கள். 2025 மார்ச்சில் டிஜே-ஆக்ஷன்ஸ் என்ற பெயரில் இருந்த, 23,000-க்கும் மேற்பட்ட களஞ்சியங்கள் பயன்படுத்திய ஒரு கிட்ஹப் ஆக்ஷனில் (பில்டு, சோதனை போன்றவற்றைத் தானாகச் செய்ய உதவும் நிரலில்) தாக்குபவர்கள் நுழைந்தார்கள். அவர்கள் புதிய பதிப்பு எதையும் வெளியிடவில்லை. ஏற்கெனவே இருந்த பதிப்பு டேக்குகளைத் தங்கள் தீய கமிட்டை நோக்கித் திருப்பிவிட்டார்கள். பழைய பதிப்பிலேயே இருக்கிறோம், பத்திரமாக இருக்கிறோம் என்று நினைத்தவர்களின் ரகசியங்கள் பில்டு பதிவுகளில் கொட்டின. முழு ஹாஷைக் குறிப்பிட்டு வைத்திருந்தவர்களின் அடியில் தரை நகரவில்லை. கோ மொழி இதை முன்பே யோசித்திருந்தது: 2019-இல் 1.13 பதிப்பிலிருந்து ஒரு பொதுப் பதிவேட்டில் ஒவ்வொரு பதிப்பின் செக்சம்மும் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட அடையாளமும்) இருக்கிறது, டேக்கை நகர்த்தினால் காட்டிக்கொடுக்கும். கிட்டின் சொந்தக் கையேடுமே, தப்பான டேக்கை வெளியிட்டுவிட்டால் தப்பை ஒப்புக்கொண்டு வேறு பெயரில் போடுவதுதான் அறிவு என்கிறது.

இவ்வளவு சொன்ன பிறகு, தினமும் திருத்தி எழுதப்படும் ஒரு பொதுக் களஞ்சியம் எந்தச் சண்டையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 2008-இல் ஸ்டீபன் ராத்வெல் தொடங்கிய லினக்ஸ்-நெக்ஸ்ட், கெர்னலின் அடுத்த பதிப்புக்குப் போகவிருக்கும் நூற்றுக்கணக்கான கிளைகளைச் சேர்த்து, வேலை நாட்களில் புதிதாகக் கட்டப்படுவது. நேற்றைய லினக்ஸ்-நெக்ஸ்டின் தொடர்ச்சி இன்றையது இல்லை. கிட்டின் சொந்தக் களஞ்சியத்திலும் 'சீன்' என்று ஒரு கிளை உண்டு, அடிக்கடி முதலிலிருந்து கட்டப்படும். இவற்றின் மேல் யாரும் வேலையைக் கட்டுவதில்லை, ஏனென்றால் கட்டக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவைத்திருக்கிறார்கள். பல அலுவலகங்களில் நடக்கும் சண்டை இதனால்தான்: ஒருவர் தன் கிளையை வரைவு என்று நினைக்கிறார், இன்னொருவர் அதை அடித்தளம் என்று நினைக்கிறார். கிளையைப் பார்த்து யார் சரி என்று சொல்ல முடியாது. அந்தத் தகவலை வைக்க கிட்டுக்குள் இடமே இல்லை. கிட்டின் பெரிய குறை என்று நான் நினைப்பது இதைத்தான்.

குறை என்று சொல்லக் காரணம், மற்ற கருவிகள் இதைச் செய்துகாட்டியிருக்கின்றன. மெர்க்கூரியல் 2012-இல் 2.1 பதிப்பிலேயே ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு நிலையைக் கொடுத்தது: ரகசியம், வரைவு, பொது. பொதுவாகிவிட்டதை ரீபேஸ் செய்யப் போனால் மறுக்கும். எவால்வ் என்ற நீட்சி இன்னும் ஒரு படி மேலே போகிறது. இந்த மாற்றத்துக்குப் பதிலாக அது வந்திருக்கிறது என்ற குறிப்பே ஒரு பதிவாக மற்றவர்களின் நகலுக்குப் போகும். ச-வும் ச2-வும் அந்நியர்களாக நிற்க மாட்டார்கள். எஸ்க்யூலைட் என்ற தரவுத்தள மென்பொருளை எழுதிய ரிச்சர்ட் ஹிப் உருவாக்கிய ஃபாசிலில் ரீபேஸே கிடையாது. கமிட் செய்தியைத் திருத்தினாலும் திருத்தம் இன்னொரு பதிவாகச் சேரும். எனக்கு அது கொஞ்சம் அதிகப்படி; அரைகுறை முயற்சிகள் எல்லாம் காலத்துக்கும் நிற்க வேண்டுமா என்ன? கிட்டின் மேலேயே ஓடும் ஜுஜுட்சு என்ற புதிய கருவி, மெயின் கிளையிலும் டேக்குகளிலும் இருப்பவற்றைத் தொட முடியாதவை என்று இயல்பாகவே வைத்துக்கொண்டு, மிச்சத்தைத் தாராளமாகத் திருத்த விடுகிறது. கிட்ஹப், கிட்லேப் தரும் கிளைப் பாதுகாப்பும் ஏறக்குறைய இதே வேலையைத்தான் செய்கிறது, ஆனால் சர்வரில். உங்கள் கணினியில் ரீபேஸ் செய்து முடித்து, புஷ் செய்யும்போதுதான் கதவு சாத்தியிருப்பது தெரியும்.

அனுபவசாலிகளுக்கு இதெல்லாம் நடக்காது என்று நினைக்க வேண்டாம். 2025 ஜூன் வாக்கில், ஒரு மூத்த கெர்னல் பராமரிப்பாளர் அனுப்பிய கிளைகளில், லினஸே பதிவுசெய்ததாகக் காட்டும் ஆனால் அவர் பதிவுசெய்யாத கமிட்டுகளை லினஸ் கண்டார். அவருடைய பெயர், வேறு ஹாஷ். வேண்டுமென்றே செய்த மோசடியோ என்று கோபத்தோடு கேட்டார். அந்தப் பராமரிப்பாளரின் கணக்கும் தற்காலிகமாக முடக்கப்பட்டது. விசாரித்ததில் சதி எதுவும் இல்லை. ரிவ்யூ செய்தவர்களின் பெயர்களைக் கமிட் செய்திகளில் சேர்க்கும் பி4 என்ற உதவிக் கருவி, அவருடைய சில கமிட்டுகளோடு நிற்காமல் லினஸின் மெயின் வரலாற்றுக்குள்ளும் போய்த் திருத்தி எழுதிவிட்டிருந்தது. பெயர்களும் நேரமும் அப்படியே இருந்ததால் பார்வைக்கு வித்தியாசம் தெரியவில்லை. கணக்கைத் திரும்பத் திறந்துவிட்டார்கள். திருத்த வேண்டிய கமிட்டைப் பதிவுசெய்தவர் கருவியை ஓட்டுபவராக இல்லாவிட்டால் நின்றுவிட வேண்டும் என்ற சோதனையை பி4-இல் சேர்த்தார்கள்.